த்ராட்டில் சென்சர் கோளாறு: டாங்கிளா, ஸ்கேனரா, மல்டிமீட்டரா, ஹாஃப்கட்டா?

எண்ணெய் பெடலை (ஆக்ஸிலரேட்டரை) மிதித்தும் வண்டி இழுக்கவில்லை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. கோலாலம்பூர் பக்கம் டொயோட்டா எஸ்டிமா ஹைப்ரிட், அல்ஃபார்ட் ஹைப்ரிட், நிஸான் செரினா எஸ்-ஹைப்ரிட் ஓட்டுபவர்களுக்கு உடனே கிடைக்கும் யோசனை, ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடை) ஒரு த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) வாங்கி மாட்டுவது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சர் இந்த வண்டிகளில் தனியாக வராது, த்ராட்டில் பாடியோடு ஒன்றாகவே இருக்கும். கணிப்பு தப்பினால் முழுப் பாகத்துக்கும் காசு போய்விடும், கோளாறு மட்டும் அங்கேயே இருக்கும்.

எதைக் கையில் எடுப்பதற்கு முன்பும் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத கோடுகள் (பி2135 போன்ற கோளாறு எண்கள்) வரிசையாக வரும்.

வண்டியின் ஓபிடி (கோளாறு படிக்கும்) சாக்கெட்டில் செருகி போனோடு இணைக்கும் மலிவான டாங்கிள் கோடைப் படிக்கும், அழிக்கும். செரினாவுக்கு அது ஓரளவு போதும். அதில் மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டுமே, எண்ணெய் பெடலும் த்ராட்டிலும் ஒரே எஞ்சின் கம்ப்யூட்டருக்குத்தான் போகின்றன. எஸ்டிமா, அல்ஃபார்ட் கதை வேறு. அவற்றில் பெடல் சென்சர் ஹைப்ரிட் கம்ப்யூட்டரில் இணைகிறது, த்ராட்டில் சென்சர் எஞ்சின் கம்ப்யூட்டரில். சாதாரண ஆப் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தை மட்டுமே காட்டும். பெடல் கோளாறான பி2138 ஹைப்ரிட் பக்கம் உட்கார்ந்திருக்க, ஆப் "கோளாறு இல்லை" என்று சொல்லும். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

எல்லா கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனர் இந்த இடத்தில்தான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. பி0122, பி0123, பி0222, பி0223, பி2135 என்றால் த்ராட்டில் சென்சர் சுற்று. பி2120 முதல் பி2128 வரையிலானவையும் பி2138-உம் பெடல். பி2111, பி2112, பி2119 என்றால் தட்டு சொன்னபடி அசையவில்லை; கரி படிந்திருக்கலாம், மோட்டார் தளர்ந்திருக்கலாம். இந்தக் கடைசி வகைக்குத்தான் துடைத்துச் சுத்தம் செய்வது பலன் தரும். பி2135-க்குக் கிளீனர் அடிப்பது வீண் வேலை.

ஸ்கேனருக்கு இன்னொரு பலமும் உண்டு. டொயோட்டா ஹைப்ரிடில் பெடலை மிதித்தால் த்ராட்டில் அதே அளவு திறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எவ்வளவு திறப்பது என்பதை ஹைப்ரிட் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஸ்கேனரில் ஆக்டிவ் டெஸ்ட் இருந்தால் தட்டைத் திறக்கவைத்து, த்ராட்டிலுக்குள் இருக்கும் இரண்டு சென்சரையும் கிராஃபில் பார்க்கலாம்.

ஆனால் கோடு சுற்றைக் காட்டுமே தவிர, அதில் கெட்டது வயரா, கனெக்டரா, சென்சரா என்று சொல்லாது. அதைச் சொல்வது மல்டிமீட்டர். இந்தப் பட்டியலில் என் முதல் வாக்கு அதற்குத்தான்.

வண்டியை ரெடியில் (ஓடத் தயாரான நிலையில்) வைக்காதீர்கள், ஐஜி-ஆன் (மின்சாரம் மட்டும் வரும் நிலை) போதும். ரெடியில் எஞ்சின் எந்த நொடியும் தானே கிளம்பும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே வேண்டாம். டொயோட்டா த்ராட்டில் கனெக்டரில் ஆறு பின். இரண்டு மோட்டாருக்கு, மீதி நான்கு விசி (சென்சருக்கு வரும் வோல்ட்), விடிஏ1, விடிஏ2 (இரு சென்சரின் சிக்னல்), இ2 (எர்த்). கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கம் மெல்லிய ஊசி செருகி அளக்க வேண்டும். விசி 4.5 முதல் 5.5 வோல்ட். இ2-வுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. தட்டு மூடிய நிலையில் விடிஏ1 0.5 முதல் 1.1 வரை, விடிஏ2 2.1 முதல் 3.1 வரை. இரண்டும் ஒரே வோல்ட் காட்டினால் இரு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பி2135 வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் ரூமை அழுத்தத் தண்ணீரில் கழுவிய வண்டியில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள்.

செரினாவில் கணக்கு வேறு. நிஸானில் ஒரு சென்சரின் வோல்ட் ஏறும்போது மற்றது இறங்கும். ஐஜி-ஆனில் கியர் டி-யில், எஞ்சின் ஓடாமல், பெடலை விட்டால் முதல் சென்சர் 0.36-க்கு மேல் இருக்க வேண்டும், முழுதாக மிதித்தால் 4.75-க்குக் கீழ். இரண்டாவதற்கு இதே எல்லைகள் தலைகீழ். ஸ்கேனர் திரையில் இரண்டும் ஒரே திசையில் போவது போலத் தெரிந்து குழப்பும். அது மாற்றிக் காட்டப்படும் எண். மீட்டரை நம்புங்கள்.

மீட்டர் தோற்கும் இடம், விட்டு விட்டு வரும் கோளாறு. கண் இமைக்கும் நேரத் துண்டிப்பை அதன் திரை பிடிக்காது. ஸ்கேனர் கிராஃபை ஓடவிட்டு வயர் கட்டை ஒவ்வொரு சாணாக அசைக்க வேண்டும். ஃபெடரல் ஹைவே ஜாமில் எஸ்டிமா பேட்டரியிலேயே ஊர்ந்தால் எதுவும் தெரியாது. கெந்திங் மலை மேட்டில் ஏற்றினால் எஞ்சின் நிற்காமல் உழைக்கும், அப்போது பதிவு செய்யுங்கள்.

வோல்ட் வருகிறது, எர்த் சரி, வயரும் சுத்தம், சிக்னல் மட்டும் தப்பு என்று உறுதியானால் அப்போது ஹாஃப்கட். பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே மோட்டார் பின் இரண்டுக்கும் இடையே ஓம் அளந்து, சுற்று அறுந்திருந்தால் வாங்காதீர்கள். செரினாவில் மாட்டியதும் பெடலைத் தொடாமல் ஐஜி-ஆன் செய்து, ஆஃப் செய்து பத்து விநாடி காத்திருங்கள். அந்த நேரத்தில் த்ராட்டிலில் இருந்து மெல்லிய சத்தம் கேட்க வேண்டும், மூடிய நிலையை அது அப்போதுதான் கற்றுக்கொள்கிறது.