வீட்டு புரோக்கரா, பெயிண்ட் கடையா: காண்ட்ராக்டருக்கு எது கைகொடுக்கும்?

பெயிண்டிங், ரிப்பேர் வேலை எடுக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: வேலை வர யாரைப் பிடிப்பது, வீட்டு புரோக்கரையா, பெயிண்ட் கடைக்காரரையா?

செலவு: புரோக்கர் கமிஷன் எதிர்பார்ப்பார். அதை வீட்டுக்காரர் பில்லில் ஏற்றாதீர்கள். தெரிந்த அன்றே இருவரையும் இழப்பீர்கள். கடைக்காரருக்கு, சரக்கை அவரிடமே வாங்கினால் போதும்.

அவசரம்: கடை வழி வருபவர் பொங்கல், கல்யாணம் என்று முன்கூட்டியே நாள் சொல்வார். புரோக்கர் வேலை அப்படியில்லை. ஒரு குடும்பம் காலி செய்து, அடுத்த குடும்பம் பால் காய்ச்சுவதற்குள் முடிய வேண்டும். ஆணி ஓட்டைக்குப் பட்டி வைத்து, ஒழுகும் குழாயை மாற்றி, இரண்டு கோட் அடித்து, தரையில் சிந்தியதைச் சுரண்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அப்புறம் போட்டோக்களை புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்து வீடு தேடி வருபவருக்கு அவர் காட்டப்போவது அதைத்தான்.

பணம்: வாடகை வீட்டில் பெரும்பாலும் அட்வான்ஸில் பிடித்த ஒரு மாத வாடகைக்குள்தான் பட்ஜெட். கடை வழி வரும் சொந்த வீட்டுக்காரர் தாராளமாகச் செய்வார்.

தொடர்ச்சி: அடித்த வீட்டுக்கு மறுபடி அடிக்கச் சில வருஷமாகும். சுறுசுறுப்பான புரோக்கர் கையிலோ மாதாமாதம் வீடு காலியாகும்.

இரண்டு மூன்று பேரோடு வருஷம் முழுக்க ஓட வேண்டுமென்றால் புரோக்கர்தான் சரி. பெரிய டீம், முழு வீட்டு வேலை என்றால் கடை. ஃபிளாட் விற்கும் ஏஜெண்ட் என்றால் 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.