ஜெர்மனியில் முதல் வாரம்: சாவி கைக்கு வராமல் வாடகை வீட்டுக்கென்று ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்

அக்டோபரிலும் ஏப்ரலிலும் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் சூடுபிடிக்கிறது. விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, போய் இறங்கினால் படுக்க இடம் இல்லை. இப்படித் தவிக்கும் பிள்ளைகளைக் குறிவைத்தே போலி வீட்டு விளம்பரங்கள் போடுகிறார்கள். நகைக் கடன் வாங்கி அனுப்பிய பணம் இரண்டே நாளில் போய்விடுகிறது. வரப்போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

ஏமாந்தவர்களிடம் கேட்டால் வரிசை மாறாமல் இப்படித்தான் நடந்திருக்கும். மியூனிக்கின் நடுவில், பால்கனி, கட்டில், அலமாரியோடு தனி வீடு. ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் 530 யூரோ. அந்தப் பணத்துக்கு மியூனிக்கில் நாலு பேர் பகிரும் வீட்டில் ஓர் அறை கிடைத்தாலே பெரிய விஷயம். விசாரித்து எழுதினால் உடனே பதில் வரும். வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி லண்டனில் இருக்கிறாராம், வீட்டைக் காட்ட இங்கே ஆள் இல்லையாம். நீங்கள் கேட்காமலே தன் பாஸ்போர்ட் நகலை அனுப்புவார். பெரும்பாலும் அது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையது. அடுத்து, பேர்போன வாடகைத் தளம் ஒன்றை அச்சாகக் காப்பியடித்த பக்கத்துக்கு ஒரு லிங்க் வரும். பணத்தை அங்கே கட்டுங்கள், தளம் பிடித்து வைத்திருக்கும், சாவி கூரியரில் வரும், வீடு பிடிக்காவிட்டால் முழுசாகத் திருப்பித் தருவோம் என்று அதில் எழுதியிருக்கும். டெபாசிட் 1,260, முதல் மாத வாடகை 530, ஆக மொத்தம் 1,790 யூரோ. கட்டிய பிறகு கூரியர் எண்கூட வரும். அதற்குப் பிறகு பதிலே வராது.

படித்த பிள்ளைகள் எப்படி இதில் விழுகிறார்கள் என்று கேட்பவர்கள் ‘அன்மெல்டுங்’கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவுக்குப் பிறகுதான் வரி எண் தபாலில் வரும். வங்கிகள் பலவும் பதிவுச் சான்று கேட்கும். தங்கும் அனுமதி அட்டைக்கும் அது வேண்டும். விசாவுக்காக முன்பே போட்டு முடக்கிய பிளாக்டு அக்கவுண்டில் கிடக்கும் பணத்தை மாதாமாதம் வாங்க இங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். ஆக, முகவரி இல்லையென்றால் எதுவுமே நகராது. ‘அன்மெல்டுங் பாசிபிள்’ என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், மற்ற எல்லாச் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட்டுப் பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சென்னையில் வீடு பிடித்துவிட்டால் கையோடு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்போம். பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு மூன்று மாத டெபாசிட் மலிவாகத் தெரியும். ஜெர்மனியில் டோக்கன் என்ற வழக்கமே கிடையாது. ‘வேறு ஆட்கள் கேட்கிறார்கள், வீட்டைப் பிடித்து வைக்க 300 யூரோ அனுப்பு’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வாடகைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ‘கால்ட்மீட்டே’ வெறும் வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் ‘வார்ம்மீட்டே’. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. டெபாசிட்டுக்குப் பெயர் ‘கவுட்சியோன்’. கால்ட்மீட்டே போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று சம தவணையாகக் கட்டும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. மேலே சொன்ன வீட்டுக்கு கால்ட்மீட்டே 420 என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் நாளில் சட்டப்படி கட்ட வேண்டியது 420 தவணையும் 530 வாடகையும் சேர்த்து 950 யூரோ. நெருக்கடியான ஊர்களில் நல்ல வீட்டுக்காரர்களும் முழு டெபாசிட்டை ஒரே தடவையில் கேட்பதுண்டு, கொடுப்பவர்களும் உண்டு. கேட்பதை வைத்து மட்டும் ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டைப் பார்க்காமல், கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல், சாவிக்கு முன்பே கேட்டால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) ‘டிஇ’ என்று தொடங்கும், அந்த இரண்டு எழுத்தும் 20 இலக்கங்களும் சேர்த்து மொத்தம் 22. மியூனிக் வீட்டுக்கு ஸ்பெயின் கணக்கிலோ லித்துவேனியா கணக்கிலோ வாடகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். அக்டோபர் 2025 முதல் யூரோ நாட்டு வங்கிகள் பணம் போகும் முன் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று காட்ட வேண்டும். ‘பொருந்தவில்லை’ என்று திரையில் வந்த பிறகும் அனுப்பினால் அந்தப் பணத்தை வங்கியிடம் கேட்டு வாங்குவது மிகக் கடினம். இந்தியாவிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணத்துக்கு இந்தச் சோதனை கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரில் பார்த்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் அடுத்ததைப் படியுங்கள். ஒருவன் உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் வீட்டை இரண்டு மூன்று நாள் எடுப்பான். அதையே தன் வீடு என்று சொல்லி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான். ஒவ்வொருவரிடமும் ரொக்கமாக டெபாசிட் வாங்கிக்கொண்டு ஒரே மாதிரி சாவியும் கொடுப்பான். குடிவரும் நாளில் ஐந்தாறு குடும்பம் பெட்டியோடு வாசலில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்கச் சின்னச் சின்ன இடங்களில் பார்க்க வேண்டும். காலிங்பெல்லிலும் தபால் பெட்டியிலும் இருக்கும் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயரா? அவருடைய அடையாள அட்டையில் அதே பெயரா? வாசலுக்குள் நுழைந்ததும் படிக்கட்டருகே பெரும்பாலும் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். மாடிப்படி துடைக்கும் முறை, குப்பை எடுக்கும் நாள், அதன் கீழே கட்டடத்தை நிர்வகிக்கும் ‘ஹவுஸ்ஃபெர்வால்டுங்’கின் தொலைபேசி எண். அதைப் படமெடுத்து, வெளியே வந்து ஒரு போன் செய்யுங்கள். இன்ன மாடியில் இன்னாருக்கு வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். விவரம் தராவிட்டாலும், நீங்கள் இப்படி விசாரிக்கப்போவதை வீடு காட்டுகிற ஆளிடம் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரியும். எதிர் வீட்டு பெல்லை அடித்துக் கேட்பதிலும் தப்பில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய சோதனை ஒரு தாளில் இருக்கிறது. அதன் பெயர் ‘வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்’, அதாவது வீடு கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. 2015 நவம்பர் முதல் அன்மெல்டுங்குக்கு இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். ஒரே பக்கம்தான்: வீடு கொடுத்தவரின் பெயர், முகவரி, அவர் சொந்தக்காரர் இல்லையென்றால் சொந்தக்காரர் பெயர், குடிவந்த தேதி, வீட்டின் முகவரி, குடிவந்தவர்களின் பெயர்கள். வெற்றுப் படிவத்தை ஊர் அலுவலக இணையதளத்தில் இறக்கி, வீடு பார்க்கப் போகும்போதே கையில் எடுத்துச் செல்லுங்கள். பணப் பேச்சு வருவதற்கு முன்பே, குடிவரும் நாளில் இதில் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். நேர்மையான வீட்டுக்காரர் யோசிக்காமல் சரி என்பார், ஏனென்றால் அதைக் கொடுப்பது அவருடைய சட்டக் கடமை. ‘அன்மெல்டுங் மட்டும் வேண்டாம், வாடகையில் 50 குறைத்துக்கொள்’ என்பவர் பெரும்பாலும் சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுகிறவர். சொந்தக்காரருக்குத் தெரிந்த அன்றே முதலில் வெளியே போவது நீங்கள்தான். உள்வாடகை என்றால் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த அனுமதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சான்று கிடைக்காதவர்களைக் குறிவைத்து டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்களில் முகவரியையே விலைக்கு விற்கிறார்கள். தங்காத வீட்டில் பதிவு மட்டும் செய்துகொள்ளலாமாம். குடிவராத ஒருவருக்குப் பதிவுக்கென்று முகவரி கொடுப்பதற்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. பொய்யாகப் பதிவு செய்தவர்மீதும் குற்றம்தான். அபராதத்தை விடுங்கள். வரி எண், வங்கி அட்டை, இன்ஷூரன்ஸ் அட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம் எல்லாம் முன்பின் தெரியாத அந்த ஆளின் தபால் பெட்டியில் போய் விழும். அதைத் திரும்ப வாங்க மறுபடியும் காசு கேட்பான்.

முறையான வீட்டிலும் தபால் வராமல் போவதுண்டு. இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம்மவர்களுக்கு இனிஷியல், அப்பா பெயர், ஊர்ப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சாவி வாங்கிய அன்றே தாளில் எழுதிப் பெட்டியிலும் பெல்லிலும் ஒட்டுங்கள். வரி எண் 11 இலக்கம், இலவசம், பதிவுக்குப் பிறகு தானாகவே தபாலில் வரும். வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட் நகல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வீடு பார்க்கும் முன்பே இரண்டு பக்க நகலும் கையில் பிடித்த செல்ஃபியும் கேட்டால் கொடுக்க வேண்டாம். இப்போது நடக்கும் மோசமான வேலை இது: ‘வாடகைக்காரர் சரிபார்ப்பு’ என்று சொல்லி வீடியோவில் அடையாளம் காட்டும் லிங்க் அனுப்புகிறார்கள். உண்மையில் அது ஒரு வங்கியில் உங்கள் பெயரில் கணக்கு திறக்கும் நடைமுறை. வீடியோவில் வருபவர் நிஜமான ஊழியர்தான். கணக்கு திறப்பதற்காகத்தானே, வேறு யாரும் சொல்லிச் செய்யவில்லையே என்று கேட்பார். அதற்கும் ‘ஆமாம்’ என்று சொல்லும்படி முன்பே பழக்கியிருப்பார்கள். அந்தக் கணக்கு வழியே திருட்டுப் பணம் போகும், போலீஸ் கடிதம் உங்களுக்கு வரும். பகுதிநேர வேலை என்ற பெயரில் ‘ஆப் சோதிக்கும் வேலை’ கொடுப்பதும் இதே வலை. வீட்டுக்காரருக்கு வீடியோ அடையாளம் தேவையே இல்லை. நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குறுக்கே ‘இன்ன முகவரி வாடகைக்கு மட்டும்’ என்றும் தேதியும் எழுதி, பாஸ்போர்ட் எண்ணை மறைத்துக் கொடுங்கள்.

குடிபோன பிறகு இரண்டு விஷயம். பதிவு முடிந்த சில வாரத்தில் ‘ருண்ட்ஃபுங்க் பைட்ராக்’ (பொது வானொலி, டிவிக் கட்டணம்) என்று ஒரு கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. மோசடி என்று நினைத்துப் பலர் கிழித்துப் போடுகிறார்கள், பிறகு அபராதத்தோடு வருகிறது. அது நிஜம்தான், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், கட்டுபவரின் கட்டண எண்ணைப் பதிலாக எழுதி அனுப்புங்கள். அதே படிவத்தை நிரப்பித் தரக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வரும், ஏமாறாதீர்கள். இன்னொன்று, கதவைத் தட்டி மின் மீட்டர் எண் கேட்பவர்கள். அந்த எண்ணும் பெயரும் இருந்தால் உங்கள் மின் ஒப்பந்தத்தையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் 14 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம்.

வருவதற்கு முன் செய்ய வேண்டியது: அட்மிஷன் வந்த அன்றே அந்த ஊர் ‘ஷ்டூடியரெண்டன்வெர்க்’ (மாணவர் நல அமைப்பு) விடுதிக்கு விண்ணப்பியுங்கள், சில இடங்களில் காத்திருப்பு பல மாதம். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும், டெபாசிட்டுக்கு அது போதாது. முதல் மாதச் செலவுக்குத் தனியாகக் கைப்பணம் கொண்டுவாருங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு, சான்று தருவோம் என்று எழுத்தில் சொல்லும் தற்காலிக இடத்தைப் பிடியுங்கள். மெயின் வீட்டை இங்கே வந்து, நடந்து போய்ப் பார்த்து எடுங்கள்.

பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் வங்கிக்குப் போன் செய்து பணத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள், பெறுபவர் கணக்கில் இன்னும் இருந்தால் பிடிக்க வாய்ப்பு உண்டு. கார்டு விவரம் போயிருந்தால் 116 116க்கு அழைத்து முடக்குங்கள். விளம்பரம், சாட், மின்னஞ்சல், ரசீது எல்லாவற்றையும் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விளம்பரம்தான் முதலில் மறையும். மாநிலப் போலீஸின் ஆன்லைன் புகார்ப் பக்கத்திலோ நேரிலோ புகார் கொடுத்து வழக்கு எண்ணை எழுதி வாங்குங்கள். மாணவர் என்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் மன்றமான ‘ஆஸ்டா’வில் பெரும்பாலும் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். பாஸ்போர்ட் நகலும் போயிருந்தால் கடன் தகுதி விவரம் வைத்திருக்கும் ஷூஃபா நிறுவனத்தில் அடையாளத் திருட்டுக்கு ஆளானவர் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாங்காத போனுக்கோ திறக்காத கணக்கிற்கோ பல மாதம் கழித்து வசூல் கடிதம் வரலாம். அப்போது அந்த வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, மறுப்பு என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.