வேர்ட்பிரஸ்: தொழிலுக்குத் தளம் கட்ட எவ்வளவு கைகொடுக்கும்?

2003-இல் வலைப்பதிவுக் கருவியாக வந்த வேர்ட்பிரஸ், இன்று எந்தத் தொழிலுக்கும் தளம் அமைக்கப் போதுமானது. ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வருவதால் மென்பொருளுக்குப் பணம் இல்லை. செலவு தளத்தின் இணைய முகவரியான டொமைனுக்கும், தளம் குடியிருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்குக்கும்தான். டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தளம் செய்து தந்தவரோடு உறவு முறிந்தாலும் பக்கங்களைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவர் பெயரில் இருக்கும் முகவரியை மீட்பது பெரும்பாடு.

இங்கே சொல்வது நாமே ஹோஸ்டிங் எடுத்து நிறுவும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் பற்றி. டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் ஹோஸ்டிங் சேவை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

நிறுவுவது எளிது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் சில கிளிக்குகளில் முடிந்துவிடும். முடிந்ததும் செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் தயாராகும்வரை டிக் போட்டுவிட்டு, திறக்கும் நாளில் எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது. மாதக்கணக்கில் கூகுளில் தளம் தென்படாததற்கு இந்த ஒரு டிக் காரணமாக இருக்கலாம்.

தமிழில் தளம் நடத்துவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பக்க முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்துகளாக மாற்றப்படுகிறது, முகவரிக்கான இடமோ 200 எழுத்துதான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 22 குறிகளிலேயே இடம் தீர்ந்து, முகவரி பாதியில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் பல நேரம் சதவீதக் குறிகளின் குவியலாகத்தான் தெரியும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையால் மாற்றுங்கள். தளத்தின் தோற்ற வடிவமான தீம் தேர்ந்தெடுக்கும்போது வரி இடைவெளியையும் கவனியுங்கள். ரோமன் எழுத்துக்கென்று எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு மட்டும் வைத்த தீமில், மேல் வரியில் கீழே இறங்கும் உகரக் குறியும் கீழ் வரியில் மேலே எழும் இகரக் குறியும் உரசும். 1.6 இருந்தால் கண்ணுக்கு இதம்.

வேர்ட்பிரஸின் பெரிய குறை மின்னஞ்சல். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தொடர்புப் படிவத்தில் வாடிக்கையாளர் எழுதி அனுப்புகிறார், 'நன்றி' என்று திரையில் வருகிறது, ஆனால் கடிதம் உங்களுக்கு வந்து சேருவதில்லை. வேர்ட்பிரஸ் இயல்பாக சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல்மொழி வழியாகவே அஞ்சலை அனுப்புகிறது. அதில் உங்கள் டொமைனின் கையொப்பம் இல்லாததால் ஸ்பாமில் விழும், அல்லது வாசலிலேயே மறுக்கப்படும். அஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபிக்கென்று ஒரு பிளக்கின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், போட்டு உங்கள் அஞ்சல் கணக்கோடு இணையுங்கள். டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில், அஞ்சல் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சேருங்கள். படிவத்தில் 'அனுப்புநர்' இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியைப் போடவே கூடாது, அது போலி அஞ்சலாகவே கருதப்படும். அவர் முகவரிக்கு உரிய இடம், பதில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் 'ரிப்ளை-டு'. படிவம் அமைக்கும் காண்டாக்ட் ஃபார்ம் 7 பிளக்கின், வந்த செய்திகளைத் தளத்தில் சேமிக்காது, அதற்கு ஃப்ளமிங்கோ என்ற பிளக்கினையும் சேர்த்து நிறுவ வேண்டும். மாதம் ஒருமுறை நீங்களே படிவத்தை நிரப்பிச் சோதியுங்கள்.

வேகத்தில் வேர்ட்பிரஸைக் குறை சொல்ல முடியாது, நாம் ஏற்றும் பாரம்தான் அதை மந்தமாக்குகிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முகப்பில் ஐந்து படம் சுழலும் ஸ்லைடரை வைத்தால் அந்த இலக்கு கைநழுவும். ஒரே படம், அதன்மேல் என்ன விற்கிறீர்கள் என்று ஒரு வரி, அழைக்க ஒரு பொத்தான் போதும். அகலம் 2560 பிக்சலைத் தாண்டினால் வேர்ட்பிரஸ் தானே குறைக்கும், ஆனாலும் அது அதிகம். 1600 பிக்சலுக்குச் சுருக்கி, கோப்பளவு குறைந்த வெப்பி (WebP) பட வடிவில் ஏற்றுங்கள்.

பேஜ் பில்டர்களை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். இழுத்துப் போட்டுப் பக்கம் கட்ட வசதிதான். ஆனால் சிலவற்றை நிறுத்தினால் பக்கம் முழுக்க அடைப்புக்குறிச் சங்கேதங்கள் மட்டும் எஞ்சும். 2018-இல் வேர்ட்பிரஸின் 5.0 பதிப்போடு வந்த, பத்தி, படம் என்று பகுதி பகுதியாகப் பக்கம் கட்டும் பிளாக் எடிட்டரே சாதாரணத் தொழில் தளத்துக்கு ஏராளம்.

பாதுகாப்பில் ஓட்டை விழுவது பெரும்பாலும் பிளக்கின் வழியாகத்தான். பயன்படாததை முடக்கி வைக்காமல் அழித்துவிடுங்கள், மற்றவற்றுக்குத் தானியங்கி அப்டேட்டை இயக்குங்கள். பேக்கப் எடுக்கும்போது கோப்புகளோடு தரவுத்தளமும் வேண்டும், அதுவும் அதே சர்வரில் இருக்கக்கூடாது. கோப்புகளை மட்டும் வைத்திருந்தால் படங்கள் மிஞ்சும், எழுதியதெல்லாம் போய்விடும்.

முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் மட்டும் தெரிந்தால் போதும், ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றுவோம் என்பவர்களுக்கு வேர்ட்பிரஸே வேண்டாம். ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம் போதும், அதற்கு அப்டேட்டும் கிடையாது.