கொச்சியில் ஏழெட்டு மணி நேரம் இருக்கிறதே என்று அதிரப்பள்ளி அருவிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

அடுத்த விமானத்துக்கு நடுவில் நேரம் இருக்கிறது என்று பெட்டிகளை முன்பின் தெரியாத வண்டியின் டிக்கியில் ஏற்றி ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

போன மார்ச் மாதம் மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு வந்தோம். நான், அம்மா, பத்து வயது மகன். நேர் விமானத்துக்கு விலை அதிகம் என்று மஸ்கட்டிலிருந்து கொச்சிக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறொரு விமானத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தேன். காலை 6:40-க்கு நெடும்பாசேரியில், அதாவது கொச்சி விமான நிலையத்தில், இறங்கினோம். சென்னை விமானம் மதியம் 3:30-க்கு. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து மூன்று பெட்டிகளோடு வெளியே வந்தபோது மணி 7:50.

அதிரப்பள்ளி யோசனை அங்கே நின்றபோதுதான் வந்தது. அம்மாவுக்கு அந்த அருவி மேல் வெகுநாள் ஆசை. எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டு, "இது எங்கடி இருக்கு, ஒரு தடவை பார்த்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முட்டி வலி வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. இன்னொரு சமயம் வருமா என்று எனக்கும் தோன்றியது. சாலக்குடி வழியாகப் போனால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல, ஒன்றரை மணி நேரப் பயணம். போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

பிரீபெய்டு டாக்ஸி கவுன்ட்டர் பக்கம் திரும்பும்போதே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்தார். நல்ல தமிழ். அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அடுத்த ஃப்ளைட் எத்தனை மணிக்கு?" எங்கே போக வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. நானும் "மூன்றரை" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் செய்த தவறுகளில் இதுதான் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

"பிரீபெய்டில் போனா ஒரு வழிக்குத்தான் வண்டி. அங்க இறக்கி விட்டுட்டு வந்துடுவான். திரும்பி வர வண்டி கிடைக்காது" என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. அருவிப் பக்கத்தில் நினைத்த நேரத்துக்கு வண்டி கிடைக்காது. ஆனால் போக, வர, காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி ரசீது வாங்க முடியுமா என்று கவுன்ட்டரில் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் என்னை அதுவரை போகவே விடவில்லை. போக வர 2,800 ரூபாய், எல்லாம் சேர்த்து என்றார். போனில் ஒரு படத்தையும் காட்டினார். பால் கொட்டுவது போல அருவி. "இப்பவும் இப்படித்தான் வெள்ளம்" என்றார். என்னிடம் ஓமான் சிம் மட்டும்தான் இருந்தது. அங்கே நின்றபோது நெட் கிடைக்காததால் எதையும் சரிபார்க்க முடியவில்லை.

கார் ஓட்டி வந்தவர் வேறு ஆள். அவருக்கு அவ்வளவாகத் தமிழ் வரவில்லை. பெட்டிகளை அவரே வாங்கி டிக்கியில் வைத்துப் பூட்டினார். நம்பர் பலகை வெள்ளை நிறம். அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். மின்சார டாக்ஸி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம். வழியில் விபத்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் தர மறுக்கவும் இடம் உண்டு. குழந்தையையும் வயதானவரையும் அப்படி ஒரு வண்டியில் ஏற்றினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அங்கமாலி தாண்டி சாலக்குடி வரை ஒழுங்காகத்தான் போனார். சாலக்குடியில் பெரிய சாலையை விட்டுத் திரும்பியதும் ஒரு மசாலாக் கடை முன்னால் நிறுத்திவிட்டார். "அஞ்சு நிமிஷம் சேச்சி, பாத்ரூம் போகலாம்." ஏலக்காய், கிராம்பு, மூட்டுவலித் தைலம் என்று கடைக்காரர் அம்மாவை உட்கார வைத்து விளக்க ஆரம்பித்தார். ஓட்டுநரைக் காணோம். கிளம்பும்போது நாற்பது நிமிடம் போயிருந்தது. தைலத்துக்கு 850 ரூபாய் கொடுத்திருந்தோம். அருவிக்குக் கொஞ்ச தூரம் முன்னால் வண்டியை ஓரம் கட்டி, "டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன், கூட்டமா இருக்கும்" என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். வாசலில் இறக்கிவிட்டபோது "உள்ளே போங்க, சொல்லியாச்சு" என்றார். உள்ளே விடவில்லை. கவுன்ட்டரில் நாங்களே வரிசையில் நின்று மறுபடி டிக்கெட் எடுத்தோம். அவர் வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை. மணி 10:45.

அருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது யாரையும் ஏமாற்றவில்லை. சாலக்குடி ஆறு பாறை விளிம்புக்கு வந்து எண்பது அடி கீழே விழுகிற இடம் அது. மார்ச் என்பதால் படத்தில் பார்த்த அகலம் இல்லை. பாறையில் தனித்தனிப் பிரிவாக வெள்ளை வெள்ளையாக இறங்கியது. அங்கே காவலுக்கு நின்ற பெண் ஒருவர், மேலே பெரிங்கல்குத்து பவர் ஹவுஸில் மிஷின் ஓடினால்தான் வேனிலில் தண்ணீர் கூடும், நல்ல வெள்ளம் பார்க்க மழை தொடங்கிய பிறகு வர வேண்டும் என்றார். ஆனைமலையில் பிறக்கிற ஆறு. நம் வால்பாறைப் பக்கத்துச் சோலையாற்றுத் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மேலே பாறை ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே இறங்கும் கல்பாதை செங்குத்தானது, அவரால் முடியாது. கீழே நின்று சாரலில் நனைய வேண்டும் என்று மகன் கெஞ்சினான். நேரத்தைப் பார்த்து நான் விடவில்லை. வாசலில் உப்பிலிட்ட நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

12:15-க்கு வெளியே வந்தால் வண்டி இல்லை.

நிறுத்திய இடத்தில் வேறு கார் நின்றது. போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் துணிமணி. மூன்றாவதில் அம்மாவின் மாத்திரைகள், மகனின் பள்ளிச் சான்றிதழ்கள், என் ஆபீஸ் லேப்டாப். பாஸ்போர்ட்டுகள் நல்லவேளையாகக் கைப்பையில் இருந்தன. ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றோம். அந்த ஐம்பது நிமிடத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத முடியவில்லை. 1:05-க்கு வண்டி வந்தது. சாப்பிடப் போனாராம். பின் சீட்டில் எங்களுடையது இல்லாத ஒரு தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் கிடந்தன. நடுவில் வேறு சவாரி அடித்திருக்கிறார் என்பது என் ஊகம்.

திரும்பும்போது அங்கமாலிக்கு அருகில் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுக்கி நிறுத்தினார். மணி 2:15. கணக்கை இங்கேயே முடித்துவிடலாம் என்றார். 6,700 ரூபாய். பேசிய 2,800-க்கு மேல் காத்திருப்பு 1,200, ஏசி 1,100, டிரைவர் படி 500, பார்க்கிங் 100. அதோடு வன அனுமதி 700, பாலியேக்கரை டோல் 300. கடைசி இரண்டையும் கவனியுங்கள். வன செக்போஸ்ட் இருப்பது அருவியைத் தாண்டி வாழச்சாலில், மலக்கப்பாறை போகிற வழியில். நாங்கள் அங்கே போகவே இல்லை. பாலியேக்கரை டோல் சாலக்குடிக்கு அப்பால், திருச்சூர் பக்கம். எங்கள் பாதையிலேயே கிடையாது. இதெல்லாம் பிறகு மேப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஊர் தெரியாத எனக்கு எல்லாமே நியாயமான செலவு போலத்தான் கேட்டது. பேசியது 2,800 தானே என்று கேட்டேன். "அதைப் பேசிய ஆளிடம் கேளுங்க" என்று டிக்கி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. என் விமான நேரம் அவருக்குத் தெரியும். சும்மா நின்றாலே போதும் என்பதும் தெரியும். அம்மா, "கொடுத்துடு கண்ணு, பெட்டி வந்தா போதும்" என்றார். 6,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பணம் போனது மூன்றாவது ஒருவர் பெயருக்கு.

டெர்மினலில் இறங்கியபோது 2:38. செக்-இன் 2:30-க்கு மூடிவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் முன்னால் மூடுவோம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. இரவு விமானத்துக்குப் புதிதாக மூன்று டிக்கெட், 21,600 ரூபாய். நேர் விமானத்தைத் தவிர்த்து மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மடங்கு.

விமான நிலையத்துப் போலீஸ் உதவி மையத்தில் புகார் கொடுத்தேன். வண்டி நம்பர் கேட்டார்கள், எனக்கு நினைவில்லை. மகன் அருவி வாசலில் எடுத்த செல்ஃபியில் பின்னால் அந்த வெள்ளைப் பலகை முழுசாக விழுந்திருந்தது. அதையும் ஜிபே ரசீதையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு விசாரித்ததாகப் போன் வந்தது. பணம் இன்னும் வரவில்லை, நான் விடுவதாக இல்லை. மோட்டார் வாகனத் துறைக்கும் எழுதியிருக்கிறேன்.

யாராவது போகத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் பெட்டிகளுக்கு ஒரு வழி செய்யுங்கள். விமான நிலையத்திலேயே எங்காவது பாதுகாப்பாக வைக்க முடிந்தால் வைத்துவிட்டுப் போங்கள், முடியாவிட்டால் போகாதீர்கள். செக்-இன் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து அல்ல. என்னைப் போலத் தனித்தனி டிக்கெட் வைத்திருந்தால் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டபின் யாரும் உங்களுக்கு மாற்று டிக்கெட் தரப் போவதில்லை. ஏறும் முன் பலகையோடு வண்டியைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். ஓட்டுநரின் எதிரிலேயே எடுங்கள், அவர் பார்க்கட்டும். பேசிய தொகையில் என்னென்ன அடங்கும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வழியில் டிக்கியைத் திறக்க மறுத்தால் பேரம் பேசாமல் அவசர உதவி எண்ணான 112-க்கு அடியுங்கள். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. முக்கியமாக, உங்கள் அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று யார் கேட்டாலும் உண்மையான நேரத்தைச் சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்னால் சொல்லுங்கள்.

ஜூலையில் அம்மாவை மறுபடி கூட்டிப்போகிறேன். ரயிலில் திருச்சூர், அங்கிருந்து பஸ்ஸில் சாலக்குடி, இரவு அங்கே தங்கிக் காலையில் அருவி. மகன் இந்தத் தடவை கீழே வரை இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.