கோல சிலாங்கூரில் ஒரு மின்மினி இரவு

நான் பிறந்தது மலேசியாவில், கோல சிலாங்கூரை அடுத்த புக்கிட் ரோத்தான் பக்கம், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து லயத்தில். சிலாங்கூர் ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் இரவில் படகேறிப் பார்க்கும் மின்மினிகள் அங்கிருந்து எட்டும் தூரம்தான். இருந்தும் பெர்த்திலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போன இந்த முறைதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதல் நாள் வீண். கோலாலம்பூரில் முன்பணம் கட்டி ஏற்பாடு செய்த வேன் இரண்டு மணி நேரம் தாமதம். வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது, படகு விடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. அத்தைக்கு என்மேல்தான் கோபம். "நம்ம ஊரு ஆத்தைப் பாக்க கேஎல்லேர்ந்து வண்டியா? நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேம்மா."

மறுநாள் பசியாறிவிட்டு முதலில் புக்கிட் மெலாவத்தி குன்று. 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டை, 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம் எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகளுக்கு லுத்தோங் குரங்குகளே போதுமாக இருந்தது. தாய்க்குரங்கு சாம்பல் நிறம், மடியிலிருக்கும் குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு! அடிவாரத்து இயற்கைப் பூங்காவில் அலையாத்திக் காடு; கொசு எண்ணெய் பூசாமல் போகாதீர்கள்.

இருட்டியதும் கம்போங் குவாந்தானில் சம்பான் என்ற சிறு படகில் ஏறினோம். ஒரு படகில் நான்கு பேர். மோட்டார் கிடையாது, மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் துடுப்புப் போட்டார். அத்தை அவரோடு மலாயில் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டே வந்தவர், மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் விளக்கு. பெண் பூச்சிகளை அழைக்க ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னுகின்றன. ஒன்று மகளின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அரிசி மணி அளவுதான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை அசைக்காமலே வைத்திருந்தாள்.

அப்போது பார்த்து வேறொரு படகில் கைப்பேசி ஃபிளாஷ் அடித்தார்கள். பெரியவர் குரல் கொடுத்து அணைக்கச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே அந்தச் சின்ன வெளிச்சத்தை வைத்துத்தான். இவற்றின் புழுக்கள் வளர்வது ஆற்றங்கரை ஈரமண்ணில், நத்தைகளைத் தின்று. கரையை வெட்டிச் செம்பனை நட்டால் பெரெம்பாங் மரங்களை மட்டும் விட்டுவைத்துப் பயனில்லை. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள். மழைக்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு படகுக்குப் பிறகு, பாசிர் பெனம்பாங் மீன்கடைகளில்.