வீட்டு மல்யுத்த லீக்குக்கு எந்தப் பொம்மை?

வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் சொந்தமாக ஒரு மல்யுத்த லீக் நடத்தப் போகிறார்கள். எதை வாங்குவது: 1990 முதல் 1994 வரை வந்த ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் மல்யுத்த வீரர் பொம்மைகளா, 2010இலிருந்து மாட்டெல் நிறுவனம் விற்கும் எலீட் என்ற மல்யுத்த வீரர் பொம்மை வரிசையா?

எலீட்டுக்கு முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அசையும். நிறுத்திவைத்துப் படம் பிடிக்க அதுதான் சரி.

ஹாஸ்ப்ரோவில் மூட்டுகள் குறைவு. பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்த ஒரே ஓர் அடிதான். கையைப் பின்னால் இழுத்து விட்டால் டக்கென்று விழும். கதை கட்ட எனக்குப் பிடித்தது இதுதான். அந்த அடியே வீரனின் முத்திரை. அதை வாங்கியும் எழும்பி நிற்பவன் அடுத்த சம்பியன். கூட்டாளிக்கே அது விழுந்தால் துரோகக் கதை, மாதக்கணக்கில் இழுக்கலாம்.

பழையது கிடைக்காவிட்டால் புறக்கோட்டையில் மலிவாக ஏதாவது பொம்மை வாங்கி, ஆளுக்கு ஓர் அடி மட்டும் என்று விதி வையுங்கள்.