60 ரூபாய்த் தேன்பழக் கன்று

தாம்பரம் பக்கம் ஒரு நர்சரியில் 60 ரூபாய்க்குத் தேன்பழக் கன்று வாங்கினேன். பையில் பாதி மண்கூட இல்லை, வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன். ஆனாலும் இரண்டாவது வருஷமே காய்த்துவிட்டது. அப்புறம்தான் வேடிக்கை.

காலை ஆறரைக்குக் கொண்டைக்குருவி ஜோடியாக வரும். பச்சைக் காயை ஏறெடுத்தும் பார்க்காது. இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிவப்பைச் சரியாகப் போய்க் கொத்தும். நிறம் பிரிக்க நம் கண்ணில் மூன்று வகைக் கூம்பு செல்கள், அதற்கு நான்கு. போட்டி போட முடியுமா? ராத்திரி வௌவால் பங்கு, அதற்கு வாசனையே போதும். லேசாகச் சிவக்கும்போதே பறித்தால்தான் நமக்கு ஏதாவது மிஞ்சும்.

மரத்தடியில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள்.